கனவுக்குள் கண் விழித்தல்



தூக்கமின்மை பற்றி நம் இதழில் வெளியான கட்டுரைக்கு இன்னும் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பலவும் தூக்கத்தை விட்டுவிட்டுக் கனவைப் பற்றிப் பேசுகின்றன. இரண்டு கடிதங்கள் என் மேசையை விட்டு நகரவே இல்லை.

ஒன்று, கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் எழுதியது. கனவில் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தாராம். ‘அட, இது கனவல்லவா’ என்று திடீரென்று உறைத்ததாம். சந்தோஷத்தில் ஒரு துள்ளு துள்ளியதும் விழிப்பு வந்துவிட்டது. “மறுபடியும் அங்கே போக வேண்டும். இந்த முறை பறந்து பார்க்க வேண்டும். அதற்கு வழி உண்டா?” என்று கேட்டிருக்கிறார்.

மற்றொன்று, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவருடையது. மலைப்பாதையில் வண்டி இறங்குகிறது, கொண்டை ஊசி வளைவு வருகிறது, பிரேக் பிடிக்கவில்லை, பின்னால் ஜனங்கள் அலறுகிறார்கள். பணியில் இருந்த காலமெல்லாம் ஒரு விபத்தும் செய்யாதவர் அவர். ஓய்வுபெற்ற பிறகு இந்தக் கனவு பிடித்துக்கொண்டது. “வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிடுகிறேன். இதை நிறுத்த முடியுமா அம்மா?” என்று முடித்திருந்தார்.

இருவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். ஒருவர் கேட்பது விளையாட்டு, மற்றவர் கேட்பது நிம்மதி. ஆனாலும் இருவரும் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கனவு நடந்துகொண்டிருக்கும்போதே அது கனவு என்று அறிவது. ஆங்கிலத்தில் இதை லூசிட் டிரீம் என்பார்கள்; நாம் தெளிகனவு என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு நடந்தது அபூர்வம் இல்லை, கோளாறும் இல்லை. இந்தத் துறையில் அரை நூற்றாண்டாக நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் கணக்குப் பார்த்தார்கள். வாழ்நாளில் ஒரு முறையாவது தெளிகனவு கண்டவர்கள் சுமார் 55 சதவீதம். மாதத்துக்கு ஒரு முறையோ அதற்கு மேலோ காண்பவர்கள் சுமார் 23 சதவீதம். பாதிப் பேருக்கு மேல் எப்போதோ ஒரு நாள் அந்த வாசலை எட்டிப் பார்த்திருக்கிறார்கள். வெளியே சொன்னால் சிரிப்பார்களோ என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

பழைய கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலே இதைக் குறித்து வைத்திருக்கிறார். தூங்கும்போது மனத்துக்குள் ஏதோ ஒன்று ‘இது கனவு’ என்று சொல்வதுண்டு என்கிறார். ஆனால் ஒரு பயிற்சியாக இதை எடுத்துக்கொண்டு நாள்தோறும் உழைத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். 1867-இல் பாரிஸில், கனவுகளையும் அவற்றை நடத்தும் வழிகளையும் பற்றி ஒரு புத்தகம் ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்தது. எழுதியவர் எர்வே த சான் தெனி. சீன மொழி அறிஞர். பதின்மூன்று வயதிலிருந்து கனவுகளை நோட்டில் எழுதியும் வரைந்தும் வந்தவர். ஒரு முறை வெளியூர் மலைப்பக்கம் தங்கப் போனபோது புதிய வாசனைத் திரவியம் ஒன்றை வாங்கி, அங்கிருந்த நாளெல்லாம் அதையே முகர்ந்துகொண்டிருந்தார். ஊர் திரும்பியதும் குப்பியை மூடி வைத்துவிட்டார். மாதங்கள் கழித்து, தனக்குத் தெரியாத ஏதோ ஓர் இரவில் தலையணையில் சில சொட்டு விடும்படி வேலைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார். அந்த இரவு அந்த மலைகள் கனவில் வந்தன. ஆய்வுக்கூடமும் கருவியும் இல்லாத காலத்தில் இப்படி ஒரு சோதனையை யோசித்தவரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கனவுக்கே பெரிய நூல் எழுதிய ஃபிராய்டு, இந்தப் புத்தகத்தைத் தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்.

அடுத்து வருபவர் நெதர்லாந்தின் மனநல மருத்துவரும் எழுத்தாளருமான ஃபிரெடெரிக் வான் ஈடன். தாகூரின் கீதாஞ்சலியை டச்சு மொழிக்குக் கொண்டுபோனவரும் இவர்தான். 1898 முதல் 1912 வரை தாம் கண்ட 352 தெளிகனவுகளை ஆராய்ந்து 1913-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் ஒரு கனவை நான் மறக்கவே மாட்டேன். இது கனவுதான் என்று தெரிந்ததும், கனவின் மேசையில் இருந்த மெல்லிய ஒயின் கோப்பையை எடுத்து, ஓங்கி ஒரு குத்து விடுகிறார். நனவில் அப்படிச் செய்தால் கை கிழிந்துவிடும் என்பதும் அந்த நேரத்தில் அவருக்குத் தெரிகிறது. கோப்பை உடையவில்லை. சற்றுப் பொறுத்துத் திரும்பிப் பார்க்கிறார், உடைந்து கிடக்கிறது. உடைந்த துண்டுகளைச் சன்னல் வழியே எறிகிறார். கண்ணாடி சிதறும் ஓசை கேட்கிறது, அந்தச் சத்தத்துக்கு இரண்டு நாய்கள் ஓடுகின்றன. பிறகு ஒயினைச் சுவைத்துப் பார்க்கிறார். சுவை அப்படியே இருக்கிறது. கனவுக்குள் நின்றுகொண்டு பதற்றமே இல்லாமல் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கும் அந்தப் பொறுமைதான் இந்தக் கலையின் உயிர். பறப்பதெல்லாம் அப்புறம்.

இத்தனை பேர் எழுதியும் அறிஞர் உலகம் நம்பவில்லை. தூங்குகிறவன் ‘நான் தூங்குகிறேன்’ என்று அறிவது எப்படி? அறிந்தால் அவன் விழித்திருக்கிறான் என்றுதானே பொருள்? நார்மன் மால்கம் என்ற தத்துவப் பேராசிரியர் 1959-இல் ஏறக்குறைய இப்படித்தான் வாதிட்டார். நியாயமான கேள்விதான். கனவு கண்டவர் விழித்த பிறகு சொல்லும் வாக்குமூலத்தைத் தவிர வேறு சாட்சி எதுவும் கிடையாதே!

சாட்சி கிடைத்த விதம் அருமையானது. அதற்குத் தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூக்கத்தின் சில கட்டங்களில் மூடிய இமைக்குள் கண்கள் விறுவிறுவென்று அசைவதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். அதைத்தான் இன்று ரெம் தூக்கம் என்கிறோம். தெளிவான, கதைபோல நீளும் கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. அந்த நேரத்தில் மூளை உடம்பின் தசைகளைக் கட்டிப்போட்டு விடுகிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து இறங்கி ஓடிவிடுவார். மூச்சுக்கும் கண்ணுக்கும் மட்டும் விலக்கு உண்டு.

அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டார் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கீத் ஹெர்ன். கை அசையாது, வாய் அசையாது. ஆனால் கண் அசையும். சிறு வயது முதலே தெளிகனவு காணும் ஆலன் வொர்ஸ்லி என்பவரை ஆய்வுக்கூடத்தில் படுக்க வைத்து, ‘கனவு என்று தெரிந்ததும் கண்களை இடமும் வலமுமாக எட்டு முறை அசையுங்கள்’ என்று பேசி வைத்தார். 1975 ஏப்ரல் 12, காலை எட்டு மணி வாக்கு. மூளை அலை ரெம் தூக்கத்தைக் காட்டுகிறது, தசைகள் தளர்ந்து கிடக்கின்றன, காகிதச் சுருளில் கண்ணசைவைக் குறிக்கும் பேனா தாறுமாறாகக் கிறுக்கிக்கொண்டிருக்கிறது. நடுவே அந்தக் கிறுக்கல் மாறி, ஒழுங்கான பெரிய மேடு பள்ளங்களாக எழுந்தது. பேசி வைத்த அடையாளம். ஒரு மனிதர் தூக்கத்துக்குள்ளிருந்து, ‘நான் இங்கே இருக்கிறேன், இது கனவு என்று எனக்குத் தெரியும்’ என்று சொல்லி அனுப்பிய முதல் செய்தி அது. அந்தக் காகிதத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இதை அறியாமலே அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் லபெர்ஜ் அதே வழியில் போய்க்கொண்டிருந்தார். தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு 1980-இல் முனைவர் பட்டம் வாங்கினார். 1981-இல் ஆய்விதழில் வெளியிட்டார். கனவுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லி, எண்ணத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கண்ணால் அடையாளம் காட்டச் சொன்னார்கள். விழித்திருக்கும்போது எண்ணுவதற்கு ஆகும் நேரமே ஏறக்குறைய அங்கேயும் ஆனது. கனவில் ஒரு யுகம் ஒரு நொடியில் முடிந்துவிடும் என்று நாம் கேட்டு வளர்ந்த கதைக்கு ஆய்வுக்கூடத்தில் ஆதரவு கிடைக்கவில்லை.

2021-இல் இது உரையாடலாகவே ஆகிவிட்டது. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து என்று நான்கு நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 36 பேரிடம் சோதித்தன. ரெம் தூக்கத்தில் இருந்த இளைஞர் ஒருவரிடம், எட்டிலிருந்து ஆறு போனால் எவ்வளவு என்று கேட்டார்கள். தூங்கிக்கொண்டே கண்ணை இரண்டு முறை அசைத்து இரண்டு என்று விடை சொன்னார். ஒருவருக்கு, வெளியே கேட்ட கேள்வி, கனவில் ஓடிக்கொண்டிருந்த காரின் ரேடியோவிலிருந்து வந்ததாம். இன்னொருவருக்கு, சினிமாவில் கதை சொல்லும் பின்னணிக் குரல்போல் கேட்டதாம். இது எல்லாருக்கும் எப்போதும் கைகூடியது என்று நினைத்துவிட வேண்டாம். தெளிகனவு என்று உறுதியான நிலையில் 158 முறை கேட்டதில் சரியான விடை வந்தது 18 சதவீதம் அளவுக்குத்தான். பாதிக்கு மேல் பதிலே இல்லை. ஆனாலும் கதவு இரண்டு பக்கமும் திறக்கும் என்று தெரிந்துவிட்டது.

சரி, நமக்கு வருவோம். எப்படிக் கற்பது?

விடியற்காலையில் கண்ட கனவு பலிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பலிக்குமா என்பதை விட்டுவிடுவோம். விடியற்காலைக் கனவுக்கு ஒரு தனி இடம் கொடுத்தார்களே, அது சரியான கவனிப்பு. தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். ரெம் தூக்கம் சில நிமிடங்களே. விடிய விடிய ரெம் தூக்கம் நீண்டுகொண்டே போகும். நீளமான, நினைவில் நிற்கும் கனவுகள் அதனால்தான் அப்போது வருகின்றன. தெளிகனவுப் பயிற்சி முழுவதும் அந்த வேளையைச் சுற்றித்தான். மார்கழியில் நாலரை மணிக்கு எழுந்து கோலம் போட்டுவிட்டு, இல்லையென்றால் வாசலில் பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, மறுபடி சாய்ந்த அரைமணியில் வரும் கனவு எவ்வளவு பளிச்சென்று இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். லபெர்ஜும் அவருக்குப் பின் வந்தவர்களும் சொல்வது அதையேதான்: ஐந்து மணி நேரம்போல் தூங்கி, எழுந்து கொஞ்ச நேரம் விழித்திருந்து, மறுபடி படுங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒரு நோட்டு வேண்டும். தலைமாட்டில் நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். விழித்ததும் புரளாதீர்கள், செல்போனை எடுக்காதீர்கள். அப்படியே கிடந்து, கடைசியாக என்ன நடந்தது, அதற்கு முன் எங்கே இருந்தேன் என்று பின்னோக்கிப் போங்கள். பிறகு எழுதுங்கள், தேதியோடு. முதலில் ஒன்றும் வராது. ஒரு நிறம், ஒரு முகம், ஒரு பயம், அதையாவது எழுதுங்கள். சில வாரங்களில் உங்கள் கனவுகளுக்கென்று சில வழக்கங்கள் இருப்பது தெரிய வரும். பரீட்சை மண்டபத்தில் கேள்வித்தாள் புரியாமல் உட்கார்ந்திருப்பது, பல் உதிர்வது, பழைய வாடகை வீட்டில் யாரும் பார்த்திராத ஓர் அறை, செருப்பைத் தொலைத்துவிட்டுக் கோயில் வாசலில் நிற்பது. இவை உங்களுக்கான அடையாளங்கள். படிப்பை முடித்துப் பல வருடம் ஆன ஒருவர் மறுபடி பரீட்சை எழுதிக்கொண்டிருந்தால் அது எந்த இடம் என்று அவருக்குத் தெரிந்துவிட வேண்டும்.

அடுத்தது, பகலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி. ஜெர்மனியின் உளவியலாளர் பவுல் தோலே வலியுறுத்தியது இது. ஒரு நாளில் பல முறை, ‘நான் இப்போது விழித்திருக்கிறேனா, கனவு காண்கிறேனா?’ என்று உண்மையாகவே சந்தேகப்பட்டுக் கேட்க வேண்டும். மனப்பாடமாக ஒப்பித்தால் கனவிலும் ஒப்பிப்பீர்கள். ‘விழித்துத்தான் இருக்கிறேன்’ என்று கனவே பதில் சொல்லிவிடும். நம் ஊர் வழக்கப்படி கிள்ளிப் பார்ப்பதில் பயனில்லை, கனவில் கிள்ளினாலும் வலிக்கலாம். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள்; கனவானால் பெரும்பாலும் மூச்சு தாராளமாகப் போகும். விரல்களை எண்ணிப் பாருங்கள். ஏதாவது எழுத்தைப் படித்துவிட்டு, முகத்தைத் திருப்பி, மறுபடி படியுங்கள்.

இந்தக் கடைசிச் சோதனை எனக்கு வேலையிலேயே வந்த பழக்கம். அச்சுக்குப் போகும் முன் எந்தத் தலைப்பையும் இரண்டு முறை படிப்பேன். ஒரு கனவில் காலமான என் அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் இருப்பது எனக்கு வியப்பாகவே இல்லை. கனவில் இறந்தவர்கள் எப்போதும் அவ்வளவு சாதாரணமாகத்தான் வந்து உட்கார்கிறார்கள். அவர் கையிலிருந்த பேப்பரின் தலைப்பைப் படித்தேன். பழக்கத்தில் மறுபடி படித்தேன். எழுத்துகள் மாறியிருந்தன. மூன்றாம் முறை அது தமிழே இல்லை. அப்போது தெரிந்தது. என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். நான் ஒன்றும் செய்யவில்லை. பேப்பரைப் பிடித்திருந்த அவர் விரல்களைப் பார்த்தேன். மோதிர விரலில் நகம் சற்றுக் கோணலாக வளரும், அது அப்படியே இருந்தது. நனவில் அதை நான் மறந்தே போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கலைந்துவிட்டது.

நினைத்தபடி நடத்துவதைவிட, தெரிந்துகொண்டு அங்கே இருப்பது பெரிது என்று நான் நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது, லபெர்ஜ் உருவாக்கிய நினைவு முறை. கடைத்தெருப் பக்கம் போகிறவர், ‘வரும்போது கறிவேப்பிலை வாங்க வேண்டும்’ என்று மனத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறாரே, அதே திறமைதான் இதற்கும் வேண்டும். பின்னிரவில் விழித்து மறுபடி படுக்கும்போது, சற்று முன் கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அதில் எந்த இடத்தில் ‘இது கனவு’ என்று தெரிந்திருக்க வேண்டுமோ, அந்த இடத்தில் தெரிந்துகொள்வதாகக் கற்பனை செய்யுங்கள். ‘அடுத்த முறை கனவு காணும்போது, அது கனவு என்று நினைவு வைத்திருப்பேன்’ என்று சொல்லிக்கொண்டே தூங்குங்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பகல் சோதனை, நடுவில் எழுந்து படுத்தல், இந்த நினைவு முறை மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு, முயன்ற அந்த வாரத்தில் 17 சதவீத இரவுகளில் தெளிகனவு வந்தது. சொல்லி முடித்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு 46 சதவீதம். அதாவது, முயன்று தவிப்பவரைவிட, சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவருக்கே கூடுதலாக வாய்க்கிறது.

கல்லூரிப் பெண்ணே, தெரிந்ததும் துள்ளாதீர்கள். பரவசம்தான் எழுப்பிவிடுகிறது. கனவு மங்கத் தொடங்கினால் கனவில் உள்ள கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொள்ளுங்கள், அல்லது நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். காலடியில் மணலைத் தொட்டுப் பாருங்கள். பறப்பது பலருக்கு எளிதாகவே வருகிறது. ஆனால் எல்லாம் உங்கள் சொல் கேட்காது. இருட்டு அறையில் விளக்கின் ஸ்விட்சைப் போட்டால் வெளிச்சம் வருவதில்லை என்று கீத் ஹெர்னிடம் சோதனைக்கு வந்த பலர் சொல்லியிருக்கிறார்கள். வான் ஈடனின் கோப்பை தாமதமாக உடைந்ததே, அப்படித்தான். கனவுக்கென்று ஒரு நடை இருக்கிறது.

இந்தத் தெளிகனவையே திபெத்தியப் பௌத்தர்கள் பல நூற்றாண்டுகளாகக் கனவு யோகமாகப் பயில்கிறார்கள். பௌத்த குரு நாரோபாவின் ஆறு யோகங்களில் அதுவும் ஒன்று. நனவும் இப்படித் தோன்றி மறைவதுதான் என்று உணர்வதற்கான வழி அவர்களுக்கு அது. நம் சைவ சித்தாந்திகள் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்று உயிரின் ஐந்து நிலைகளை எண்ணி வைத்தார்கள். கனவை வெறும் குப்பை என்று ஒதுக்காத மரபு நம்முடையது.

இனி, அந்த ஓட்டுநருக்கு. ஐயா, இந்தப் பக்கம் முழுவதுமே உங்களுக்காகத்தான் எழுதத் தொடங்கினேன். தெளிகனவால் மிகுந்த பயன் பெறக்கூடியவர்கள் உங்களைப் போல ஒரே கெட்ட கனவால் திரும்பத் திரும்ப வதைபடுகிறவர்கள் என்றே நான் நினைக்கிறேன். முன்பு சொன்ன பவுல் தோலே ஒரு கனவை எழுதியிருக்கிறார். புலி துரத்துகிறது. ஓடுகிறவர் இது கனவு என்று தெரிந்ததும் நின்று, திரும்பி, அதை நேராகப் பார்த்து, ‘நீ யார்?’ என்று கேட்கிறார். புலி அவருடைய தந்தையாக மாறிப் பேசத் தொடங்குகிறது. ஓடினால் துரத்தும், நின்று பார்த்தால் பேசும். தோலே தம்மிடம் பயின்றவர்களுக்கும் இதையே சொன்னார்: அடிக்காதே, ஓடாதே, முகத்தைப் பார், கேள்.

கனவில் தெளிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கெட்ட கனவுகளுக்கு இன்று மருத்துவர்கள் முதலில் பரிந்துரைக்கும் பயிற்சி விழித்திருக்கும்போதே செய்வது. கனவை எழுதுங்கள். பிறகு அதன் முடிவை உங்கள் விருப்பப்படி மாற்றி எழுதுங்கள். வண்டி இறங்குகிறது, பிரேக் பிடிக்கவில்லை. கியரைக் குறைக்கிறீர்கள், பாதை மெல்ல மேடாகிறது, வண்டி தானாக வேகம் குறைந்து ஒரு டீக்கடை வாசலில் நிற்கிறது, ஜனங்கள் இறங்கி டீ குடிக்கிறார்கள். எது உங்களுக்குப் பிடிக்கிறதோ அது. அந்தப் புதிய கதையைத் தினமும் பத்து, இருபது நிமிடம் கண்ணை மூடி மனத்தில் ஓட்டிப் பாருங்கள். பாரி கிராகோ என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும், பாலியல் வன்முறைக்கு ஆளாகி ஆழமாகக் காயப்பட்ட பெண்களிடம் இந்த முறையைச் சோதித்து 2001-இல் வெளியிட்டார்கள். கெட்ட கனவுகள் குறைந்தன, தூக்கமும் மேம்பட்டது. நெதர்லாந்தில் 2006-இல் 23 பேரிடம் தெளிகனவு முறையையே சிகிச்சையாகச் செய்து பார்த்தபோதும் கெட்ட கனவுகள் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் நம்பிக்கை தருவது. ஒன்று மட்டும்: இந்தக் கனவோடு பகலிலும் படபடப்பு இருந்தால், தூக்கத்தில் கையைக் காலை வீசிக் கத்துவது அடிக்கடி நடந்தால், மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ரெம் தூக்கத்தில் தசைகள் கட்டுப்படாமல் போகும் கோளாறு ஒன்று உண்டு, வயதான ஆண்களிடம் அதிகம். நரம்பியல் மருத்துவர் அதைக் கவனிக்க வேண்டும். நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது எனக்கு அந்தச் சந்தேகமும் வந்தது. தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள்.

மற்றவர்களுக்கும் சில எச்சரிக்கைகள். விழித்த நிலையிலிருந்து நேராகக் கனவுக்குள் போகப் பழகுகிறவர்களுக்குச் சில நேரம் உடம்பு அசையாமல், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கும். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்று சொல்லித் தலையணைக்கடியில் இரும்பு வைப்பார்களே, அதுதான். மூளை விழித்துவிட்டது, தசைகளின் கட்டு இன்னும் அவிழவில்லை; வேறொன்றும் இல்லை. சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ போய்விடும். பயப்படாமல் மூச்சைக் கவனியுங்கள், ஒரு விரலை அசைக்கப் பாருங்கள்.

எது நனவு, எது கற்பனை என்று பிரித்தறிவதில் சிக்கல் உள்ளவர்கள், மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இந்தப் பயிற்சிக்கு வர வேண்டாம். தெளிகனவுக்கென்று இணையத்தில் விற்கும் மாத்திரைகளை யாருமே தொட வேண்டாம். அவற்றில் சில, ஞாபகமறதி நோய்க்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மருந்துகள்.

தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். பின்னிரவில் எழுந்து படுக்கும் பயிற்சி, மறுநாள் தாமதமாக எழ முடிகிற நாளுக்கு மட்டும். இரவுப் பணி செய்கிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் நோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கனவை எழுதி வைப்பதே பாதிப் பயிற்சி, அதற்குத் தூக்கத்தை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

இந்த மாதம் அதைத்தான் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். கனவுக்குள் ‘இது கனவு’ என்று தெரிந்தால், எதனால் தெரிந்தது என்பதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம். ஓட்டுநர் ஐயா, மருத்துவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்